தண்டனையா, தண்டலா?

தண்டனையும் தண்டலும் ஒரே வேரில் கிளைத்த சொற்களே. ஆயினும் முன்னது குற்றத்தைத் திருத்த வந்தது. பின்னது பணத்தைத் திரட்ட வந்தது. தண்டனை தன் வேலையைச் சரிவரச் செய்தால் குற்றம் குறையும். குற்றம் குறைந்தால் அபராத வரவும் குறையும். தண்டலுக்கோ வரவு குறைவதே தோல்வி. எனவே, வரும் ஆண்டில் இத்தனை டாலர் அபராதம் வசூலாக வேண்டுமென்று ஓர் ஊராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைக்குமானால், அது என்ன செய்கிறது? தன் மக்கள் பிழை செய்யவேண்டுமென்று எதிர்பார்க்கிறது. அவர்கள் ஒருநாள் திருந்திவிட்டால் தன் காவலருக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றித் திகைத்து நிற்கும்!

இது கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் சில ஆயிரம் பேர், ஏன், சில நூறு பேர் வாழும் சிற்றூருக்குக்கூடத் தனிக் காவல்துறையும் தனி நீதிமன்றமும் உண்டு என்பது நம் வாசகருக்கு வியப்பளிக்கலாம். வண்டியை நிறுத்திச் சீட்டுக் கொடுப்பவரும் ஊரின் ஊழியர். அபராதம் விதிப்பவரும் ஊரால் அமர்த்தப்பட்டவர். அபராதமும் பெரும்பாலும் ஊரின் கருவூலத்துக்கே போய்ச் சேருகிறது. இந்த மூன்றும் ஒரே கூரையின்கீழ்க் கூடினால் என்ன விளையும் என்பதை மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரம் உலகுக்குக் காட்டியது.

2014 ஆகஸ்டு 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது. அதன்பின் அந்நாட்டு நீதித்துறை நகரின் நிர்வாகத்தை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. சுமார் 21,000 பேர் வாழும் அந்நகரம் 2010ஆம் நிதியாண்டில் அபராதங்களாலும் நீதிமன்றக் கட்டணங்களாலும் பெற்றது 13.8 லட்சம் டாலர். 2015ஆம் நிதியாண்டுக்கு எதிர்பார்த்ததோ 30.9 லட்சம், அதாவது பொது நிதி வரவான 132.6 லட்சத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 2010 மார்ச்சில் நகரின் நிதி இயக்குநர் காவல்துறைத் தலைவருக்கு ஒரு மடல் எழுதியிருந்தார். விற்பனை வரியில் துண்டு விழப் போகிறது. அபராதச் சீட்டுகள் கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்பது அதன் பொருள். சாலைப் பாதுகாப்பைப் பற்றிய கவலையா இது?

“விதியை மீறாதே, அபராதம் கட்டாதே, இதில் என்ன அநீதி?” என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு. கேட்பதற்கு நேர்மையான கேள்விதான். அவர்கள் அதே அறிக்கையில் வரும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதையைப் படிக்கட்டும். 2007இல் ஒரே ஒருமுறை, வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினார். இரண்டு சீட்டுகள், 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணங்கள். வீடுகூட இல்லாமல் அலைந்த நாள்கள் அவருக்கு உண்டு. தவணை தவறியதற்கும் நீதிமன்றம் வராததற்கும் ஏழு புதிய குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடியாணை, மேலும் அபராதம். இருமுறை கைதாகி, ஆறு நாள் சிறையில் கிடந்தார். ஒருமுறை 25 டாலரும் இன்னொருமுறை 50 டாலரும் கட்ட முயன்றபோது, முழுத்தொகை இல்லையென்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. 550 டாலர் கட்டிய பிறகும் 2014 டிசம்பரில் அவர் பெயரில் நின்ற பாக்கி 541 டாலர்! வண்டியை நிறுத்தியது குற்றமே. ஆனால் ஏழாண்டுகளாக அவர் தண்டிக்கப்பட்டது அந்தக் குற்றத்திற்காகவா, கையில் காசில்லாமைக்காகவா?

இந்தச் சுமை எல்லார் தோளிலும் ஒன்றுபோல் ஏறவில்லை. மக்கள்தொகையில் 67 விழுக்காடு கறுப்பினத்தவர்; 2012 முதல் 2014 வரை சீட்டு வாங்கியவர்களிலோ 90 விழுக்காடு அவர்களே. வலியவனிடம் வாங்கமுடியாததை எளியவனிடம் வாங்குவது எந்தக் காலத்துத் தண்டற்காரனும் அறிந்த கலைதானே!

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருத்தலாகாது என்பது நீதியின் அரிச்சுவடி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை அறியாததன்று. ஒகையோ மாநிலச் சிற்றூர் ஒன்றில், குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் மட்டுமே தமக்குக் கட்டணம் கிடைக்கும் என்ற நிலையில் மேயரே தீர்ப்பு வழங்கியதை 1927இல் அது செல்லாதென்றது. அம்மாநிலத்தின் மன்றோவில் ஊரில் 1964ஆம் ஆண்டு மொத்த வரவான 46,355 டாலரில் 23,589 டாலர் மேயரின் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. அங்கே மேயரின் சட்டைப்பைக்கு எதுவும் போகவில்லை. ஊரின் பெட்டிக்கே போயிற்று. ஆயினும் ஊரின் நிதிக்குப் பொறுப்பானவர் நடுநிலையான நீதிபதியாக இருக்கமுடியாதென்று 1972இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெர்குசனில் நடந்ததென்ன? மேயர் நீதிபதி இருக்கையில் அமரவில்லை. நகர மேலாளர் பரிந்துரைக்க, நகரமன்றம் நியமித்த ஒருவர் அமர்ந்தார். ஆளை மாற்றிவிட்டு ஆதாயத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

வெயிலில் நின்று சீட்டு எழுதும் காவலரை மட்டும் நான் குறைகூற மாட்டேன். அவருக்குப் பின்னால் நகரமன்றம் நிற்கிறது; நகரமன்றத்துக்குப் பின்னால், வசதிகள் வேண்டும் ஆனால் வரி வேண்டாம் என்னும் வாக்காளர் நிற்கிறார். வாக்காளரின் ஒப்புதலின்றி வரியை உயர்த்தக்கூடாதென்று மிசூரி மக்கள் 1980இல் தங்கள் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் வாசலில் தடுக்கப்பட்ட வரி கொல்லைப்புறமாக வந்தது. வந்தபோது தன் பெயரையும் மாற்றிக்கொண்டது.

சட்டமன்றம் கண்ட மருந்து, விழுக்காட்டுக் கணக்கு. மேக்ஸ் கிரீக் என்ற சிற்றூரின் அடாவடியைக் கண்டு, போக்குவரத்து அபராதம் ஊர் வருவாயில் 45 விழுக்காட்டைத் தாண்டலாகாதென்று 1995இல் மிசூரி விதித்தது. பிறகு 35, பிறகு 30, பெர்குசனுக்குப் பின் 2015இல் 20. இருபது விழுக்காடுவரை நீதியை விற்கலாம், அதற்குமேல் விற்கலாகாது என்பதா இதன் பொருள்? நோயின் அளவைக் குறைத்தார்கள், நோயை விட்டுவைத்தார்கள். இன்னொரு மாநிலத்தில் அது மீண்டும் தலைகாட்டியது. அலபாமாவில் ஏறத்தாழ 1,250 பேர் வாழும் புரூக்சைடு என்ற பழைய சுரங்க ஊரில், அபராதமும் பறிமுதலும் இரண்டே ஆண்டுகளில் ஏழு மடங்குக்கு மேல் பெருகி, 2020இல் ஊர் வருவாயில் ஏறத்தாழச் சரிபாதியாயின. 2022 ஜனவரியில் செய்தியாளர்கள் இதை அம்பலப்படுத்தியதும் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார்.

உண்மையான மருந்து எளியது: அபராதம் விதிக்கும் ஊருக்கு அதில் ஒரு காசும் போகலாகாது. வட கரோலைனாவின் அரசியலமைப்பு, மாநிலச் சட்டங்களை மீறியோர் கட்டும் அபராதத்தின் நிகரத் தொகையைப் பொதுப் பள்ளிகளுக்கு ஒதுக்குகிறது. அங்கே நகராட்சிக்கென்று நீதிமன்றமும் இல்லை. பள்ளியாசிரியர் சாலையோரம் மறைந்து நின்று வண்டிகளை மடக்கப்போவதில்லை அல்லவா?

“அப்படியானால் சிற்றூர்கள் எப்படிப் பிழைக்கும்?” என்பது கடைசிக் கேள்வி. வரி கொடுக்க மனமுள்ள மக்கள் இருந்தால் பிழைக்கும். இல்லையேல் அண்டை ஊரோடு இணையட்டும். ஒகையோவின் நியூ ரோம் ஊரில் வாழ்ந்தவர் சுமார் 60 பேர். நெடுஞ்சாலையின் சிறு துண்டொன்றில் வண்டிகளை மடக்கியே அது பெயர்பெற்றது. 2004இல் நீதிமன்றம் அந்த ஊராட்சியைக் கலைத்தது. எவரும் வீடிழக்கவில்லை. அந்த மக்கள் பிரெய்ரி டவுன்ஷிப்பின் நிர்வாகத்தில் சேர்ந்துகொண்டார்கள். சாலையில் வண்டிகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன.