ஐந்தாம் திகதிக்கு முந்திய மில்லர்

1987 ஜூலை 5ஆம் திகதி, நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்துக்குள் வெடிமருந்து நிரப்பிய வாகனத்தை ஓட்டிச் சென்ற கப்டன் மில்லரைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவற்றில் அநேகமானவை அந்த நாளில்தான் தொடங்குகின்றன. விடுதலைப் புலிகள் அதைத் தங்கள் தற்கொலைப் படையினருக்கான கரும்புலிகள் நாள் ஆக்கினார்கள். பயங்கரவாதத்தை ஆராய்பவர்கள் அதைத் தெற்காசியத் தற்கொலைத் தாக்குதல்களின் ஆரம்பமாகக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் அந்தப் பெடியனின் கடைசி நாளை எடுத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையைக் கைவிட்டுவிட்டன.

அவர் பெயர் வல்லிபுரம் வசந்தன். 1966 ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர், கரவெட்டி ஊர். படித்தது பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில். இறந்தபோது வயது 21.

கரவெட்டி சாதாரண ஊர் அல்ல. 1956இல் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து பொன். கந்தையா என்ற கம்யூனிஸ்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய பகுதி அது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்த மண். கூட்டம், வாசிப்பு, விவாதம் எல்லாம் அங்கே சந்திக்குச் சந்தி நடந்தவை. உலகத்தைத் திருத்தலாம் என்று நம்பிய ஒரு தலைமுறை, அதைப் பேச்சாலும் வாக்காலும் சங்கத்தாலும் செய்யலாம் என்றும் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையின் பேரப்பிள்ளை வயதில்தான் வசந்தன் பிறந்தார்.

அவர் வளர்ந்த வருடங்களை வரிசையாகப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. எட்டு வயதில், 1974 ஜூன் 5ஆம் திகதி, உரும்பிராய் பொன். சிவகுமாரன் பொலிசாரின் கையில் அகப்படாமல் சயனைட் அருந்தி இறந்தார். பத்து வயதில் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம். பதினைந்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. பதினேழில் 83 ஜூலை இனக்கலவரம். கொழும்பிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட சனம் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது. பதினெட்டில் அவர் படித்த ஹாட்லிக் கல்லூரியின் நூலகமே தீக்கிரையானது. இப்படி வளர்ந்த எல்லாப் பிள்ளைகளும் ஆயுதம் தூக்கவில்லை. பெரும்பாலானோர் படித்தார்கள், கடை வைத்தார்கள், வெளிநாடு போனார்கள். ஆகவே இந்தப் பட்டியல் அவர் ஏன் போனார் என்பதற்கு முழு விடை ஆகாது. ஆனால் இதை விட்டுவிட்டு மூளைச்சலவை என்ற ஒரு சொல்லில் கதையை முடிப்பவர்கள், அவருடைய காலத்தில் ஒரு நாள்கூட வாழ்ந்து பார்க்காதவர்கள்.

1987 மே 26ஆம் திகதி, கரவெட்டியும் நெல்லியடியும் அடங்கிய வடமராட்சிமீது இலங்கை இராணுவத்தின் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தொடங்கியது. ஹெலிகொப்டர், விமானம், ஷெல். சனம் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஓடியது. அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் தஞ்சம் புகுந்தவர்கள் அந்தக் கோயிலிலேயே ஷெல்லடிபட்டு இறந்தார்கள். இளைஞர்களை ஆயிரக்கணக்கில் பிடித்துப் பருத்தித்துறையில் கப்பலேற்றி, காலிக்குப் பக்கத்திலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 4இல் இந்திய விமானங்கள் ஐந்து யாழ்ப்பாணத்துக்கு மேல் உணவுப் பொதிகளைப் போட்டபோது, இந்தியா பார்த்துக்கொண்டிருக்காது என்பது கொழும்புக்கு விளங்கியது. நடவடிக்கை அத்துடன் நின்றது. வடமராட்சிக்குள் வந்த இராணுவமோ போகவில்லை. நெல்லியடியில் பிள்ளைகள் இருந்து படித்த வகுப்பறைகள் முகாம் ஆகின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தை முகாமாக்கியது ஒரு சிறிய இராணுவ வசதி என்றே அதிகாரபூர்வமான கதைகளில் வருகிறது. ஒரு ஊரில் பொதுவான கட்டடம் என்று இருப்பது கோயிலும் பள்ளிக்கூடமும்தான். அவை இரண்டையும் ஒரு மாதத்துக்குள் இழந்த ஊருக்கு, தன்னுடையது என்று சொல்ல வீதிகூட இல்லாமல் போகிறது. எட்டு வருடம் கழித்து, 1995 செப்டம்பர் 22இல், வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் விமானக் குண்டுக்கு மாணவர்கள் பலியானபோதும் கேட்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தின்மீது முதலாவது கை வைத்தவர் யார் என்ற கேள்வியை மில்லரின் கதையிலிருந்து யாரும் கழற்றி எடுக்கக்கூடாது.

தாக்குதலில் எத்தனை படையினர் இறந்தார்கள் என்பதில் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. நாற்பது என்ற எண் பரவலாக எழுதப்படுகிறது. அவர்களிலும் பலர் வசந்தனின் வயதுக்காரர்களாகவே இருந்திருப்பார்கள். தெற்கில் ஏதோ ஒரு கிராமத்தில் தாய்மார் அழுதிருப்பார்கள். அதைச் சொல்வதால் வடமராட்சிச் சனத்தின் துயரம் ஒரு சொட்டும் குறைந்துவிடாது.

வசந்தன் இறந்து 24ஆம் நாள், ஜூலை 29இல், ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் கொழும்பில் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று உயிரோடு இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒக்டோபரிலேயே இந்தியப் படையுடன் சண்டை மூண்டது. ஆனால் அந்த 24 நாள் என்னை விடவில்லை. அவருக்குப் பின் 1990 ஜூலை வரை, வல்வெட்டித்துறைக் கடலில் மூன்று பேர் கடற்படைக் கப்பலொன்றைத் தாக்கும் வரை, மூன்று வருடம் அப்படியான தாக்குதல் நடக்கவில்லை. நெல்லியடிச் சம்பவம் ஒரு சம்பவமாகவே நின்றிருக்கலாம். அதை ஒரு முறையாக, ஓர் அணியாக, வருடாந்த நாளாக ஆக்கியது இயக்கத் தலைமையின் முடிவு. தலைமைக்கும் அப்போது பெரிய வயதில்லை, பிரபாகரனுக்கு 32. எனினும் முடிவெடுத்தவர் முடிவெடுத்தவர்தான்.

பிறகு அந்த முறை எங்கெல்லாம் போனது என்பது தெரிந்ததே. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. 1996 ஜனவரி 31, கொழும்பு மத்திய வங்கி; அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களும் தெருவில் போனவர்களுமாகத் தொண்ணூறு பேரளவில் இறந்தார்கள். 1999இல், ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஜூலை 29இல், நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்டார். தமிழருக்கு அதிகாரப் பகிர்வு கிடைக்க அரசியலமைப்பு வாசகங்களை எழுதிக்கொண்டிருந்த தமிழ்ச் சட்டத்தரணி அவர். முகாமாக்கப்பட்ட பள்ளிக்கூடத்தில் ஆயுதம் தரித்த படையை நோக்கி ஓடிய வாகனத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வித்தியாசத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் காப்பாற்றவில்லை. எல்லாரையும் ஒரே பெயருக்குள் அடக்கி, ஒரே நாளில் விளக்கேற்றினார்கள். வசந்தன் செய்யாதவற்றுக்கும் அவரே தொடக்கம் ஆகிவிட்டார்.

பஞ்சாபிலும் இப்படி ஓர் இளைஞர் உண்டு. காவல்துறையில் இருந்த திலாவர் சிங், 1995 ஆகஸ்ட் 31இல் சண்டிகரில் தன் உடலில் குண்டு கட்டி முதலமைச்சர் பியாந்த் சிங்கைக் கொன்றார். கூடவே பதினாறு பேர் இறந்தார்கள். 1984இல் பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்ததிலிருந்து தொடங்கும் கதை அது. அங்கும் முதலில் புனிதமான ஓர் இடத்துக்குள் பூட்ஸ் கால்கள் போயின. 2012இல் சீக்கியரின் உயர் மதபீடமான அகால் தக்த் திலாவரைத் தியாகி என்று அறிவித்தது. பட்டம் கிடைத்த பிறகு அவர் எப்படிப்பட்ட பிள்ளை, எதற்குச் சிரித்தார், எதில் தயங்கினார் என்று கேட்பது அங்கேயும் கடினமாகிவிட்டது. பட்டமும் பழியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: மேற்கொண்டு விசாரிக்க விடுவதில்லை.

நெல்லியடியில் போர்நிறுத்த காலத்தில் மில்லருக்குச் சிலை எழுந்தது, பிறகு உடைக்கப்பட்டது. 2009க்குப் பின் அந்த நாளைப் பகிரங்கமாக நினைவுகூரவும் தடைகள் வந்தன. ஆண்டவர்களுக்கு மாற்றி மாற்றிச் சிலையும் இடிபாடும் போதுமானதாக இருந்தது. ஊருக்கு அது போதாது.

வசந்தனோடு ஹாட்லியில் படித்தவர்கள் இன்று அறுபதை எட்டுகிறார்கள். அந்த வயதுக்காரர் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், சிலர் இன்னும் வடமராட்சியில்தான். அவர் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரர், யாரோடு சைக்கிளில் போனார், இயக்கத்துக்குப் போக முந்திய மாதங்களில் என்ன பேசினார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1987இல் நெல்லியடிப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஆசிரியர்களில் சிலருக்கு எண்பது வயதாகியிருக்கும். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு இளைஞர்கள் இந்த வருடமே கிளம்பினால் அவற்றில் பாதியையாவது எழுதி வைத்துவிடலாம். தெற்கிலும் யாராவது இதே வேலையை, அந்த வகுப்பறைகளில் படுத்திருந்த சிப்பாய்களின் வீடுகளுக்குப் போய்ச் செய்ய வேண்டும்.