கணினிக்கு வேர் கணிதமே

பாரதியார் வாழ்ந்த ஊர் என்று கடையத்தைப் பெருமையுடன் சொல்கிறோம். அதே தென்காசி வட்டாரத்தில், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த கணித மேதை எஸ்.எஸ். பிள்ளையை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

பள்ளிப் படிப்பு முடியுமுன்னே தாய் தந்தையரை இழந்த அவரை, ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்திலிருந்து உதவிப் படிக்கவைத்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, எந்த இயல் எண்ணையும் 73க்கு மேற்படாத ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940இல் நிறுவினார். 1950இல் அமெரிக்கா செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார்.

இன்றோ, "கணினி அறிவியலில் இடம் தாருங்கள், கணிதம் வேண்டாம்" என்கின்றனர் பெற்றோர். இது வேரை வெட்டிவிட்டுக் கனி கேட்பதாகும். கணினி நடந்துசெல்லும் படிமுறைக்கு ‘அல்காரிதம்’ என்னும் பெயரே, 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான். இந்திய எண்முறையை விளக்கி நூல் செய்தவரும் அவரே. நிரல்மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும்; ஆய்ந்து நிறுவும் ஆற்றல் மாறாது. அதைத் தருவது கணிதம்.

தமிழ் கற்பிக்கும் நாம் கணிதத்துக்காகப் பரிந்து பேசுவதில் வியப்பில்லை. எண்ணையும் எழுத்தையும் இணைத்தே கற்பித்தது நம் மரபு.

மாணவச் செல்வங்களே! கணினி பயிலுங்கள், கணிதத்தைக் கைவிடாமல் பயிலுங்கள். சமுதாயப் பெரியோர்களே! கணிதம் பயில விரும்பும் ஏழைப் பிள்ளையிடம், "வேலை கிடைக்குமா?" என்று மட்டும் கேளாதீர்கள். அன்று அந்த ஆசிரியர் செய்ததுபோல் கைகொடுங்கள். வல்லத்தில் பிறந்த மேதையைப் போன்ற ஒருவர் நம் தெருவிலும் இருக்கக்கூடும்.