செத்தது போல் நடிக்கத்தான் வேண்டுமா?

மர்ம நாவல் என்றால் எனக்கு உயிர். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் மாத நாவல்களை பஸ் ஸ்டாண்டு கடையில் வந்த அன்றே வாங்கி, அடுப்பில் குழம்பு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல் படித்தவள் நான்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் சமீபத்தில் ஓர் ஆங்கில நாவலின் கதையைச் சொன்னாள். அமெரிக்க எழுத்தாளர் நான்சி பிரைஸ் எழுதி 1987-ல் வெளிவந்த 'ஸ்லீப்பிங் வித் தி எனிமி'. அடித்து உதைக்கும் கணவன். மனைவிக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று நினைத்திருக்கிறான். அவளோ அவனுக்குத் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொள்கிறாள். படகில் போகும்போது தண்ணீரில் விழுந்து, செத்துவிட்டதாக நம்ப வைத்து, வேறு ஊருக்கு ஓடிவிடுகிறாள். நீச்சல் வகுப்புக்குப் போன விஷயம் ஒருநாள் அவன் காதுக்கு எட்டுகிறது. தேடிக் கிளம்புகிறான்! 1991-ல் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்துப் படமாகவும் வந்ததாம்.

"நம்ம 'அவள் வருவாளா' மாதிரி இல்ல இருக்குது!" என்றேன். அஜித், சிம்ரன் நடித்து 1998-ல் வந்த அந்தப் படம், 'பெள்ளி' என்ற தெலுங்குப் படத்தின் தழுவல். அதிலும் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி வந்தவள்தான் கதாநாயகி. ஆனால், ஒரு பெரிய வித்தியாசம். அமெரிக்கப் பெண் தனியாக ஓடினாள். நம்மவளுக்குத் துணையாக ஒரு பெண் வந்தாள். அம்மா என்று ஊர் நினைக்கும் அவர், உண்மையில் மாமியார்! பெற்ற மகனை விட்டு மருமகள் பக்கம் நின்ற அந்த வேடத்தில் சுஜாதா நடித்திருந்தார்.

அந்தப் படம் டி.வி.யில் ஓடியபோது பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து பார்த்தாள். முடிந்ததும், "இப்படி ஒரு மாமியார் யாருக்குக்கா கெடைப்பாங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. 'புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கென்ன' என்று நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கதையில் வரும் பெண்ணுக்காகப் பதறிய மனசு, சுவர் தாண்டிப் போகவில்லையே!

மறுவாரம் அவளோடு தருமபுரிக்கு பஸ் ஏறினேன். பாதுகாப்பு அலுவலரிடம் அவளே எல்லாம் சொன்னாள். நான் செய்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும், குடியிருக்கும் வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. அடித்தால்தான் வன்முறை என்றில்லை. கேவலமாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் வன்முறையே. பாதிக்கப்பட்டவள்தான் புகார் தரவேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. 181-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

செத்தது போல் நடித்துத் தப்பிப்பது நாவலுக்கு ருசி. நிஜத்தில் ஒரு பெண் உயிரோடு, தலைநிமிர்ந்து வெளியே வரவேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கடத்தூர், தருமபுரி மாவட்டம்.