வால்வா? கம்ப்யூட்டரா?

மின்சாரக் கிட்டாருக்குத் தனிக் குரல் கிடையாது. கம்பியின் ஓசை மிக மெல்லியது. அதைப் பெரிதாக்க ஆம்ப்ளிபயர் வேண்டும். எதை வாங்குவது?

லண்டன் கடைக்காரர் ஜிம் மார்ஷல் 1962-ல் ஓர் ஆம்ப்ளிபயரை விற்கத் தொடங்கினார். அது உலகப் புகழ் பெற்றது. உள்ளே இருந்தவை, பழைய ரேடியோவில் எரிந்ததுபோன்ற கண்ணாடி வால்வுகளே! சத்தத்தைக் கூட்டினால் வால்வு திணறும். அந்தத் திணறல்தான் இனிமை!

ஆனால் வீட்டில் அவ்வளவு சத்தம் வைக்கலாமா? குழந்தை தூங்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பாரா?

இதற்கு வழி கண்டது கம்ப்யூட்டர். 1998-ல் 'லைன் 6' என்ற அமெரிக்க நிறுவனம் 'பாட்' என்னும் சிறு கருவியை வெளியிட்டது. அவரை விதை போன்ற வடிவம். வால்வின் குரலைக் கணக்குப் போட்டே உண்டாக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் வாசிக்கலாம்.

பெரிய வித்வான்களும் ஹெட்போனை ஒதுக்கவில்லை. 2013 டிசம்பரில் 'மெட்டாலிகா' குழு அண்டார்க்டிகாவில் கச்சேரி நடத்தியது. அங்கே ஒலிபெருக்கியே இல்லை. ரசிகர்கள் ஹெட்போனில் கேட்டார்கள்!

வால்வுப் பெட்டிக்கும் பெருமை உண்டு. வால்வு தேய்ந்தால் புதிது மாட்டலாம், பல்லாண்டு உழைக்கும். கம்ப்யூட்டர் கருவிக்கோ அடிக்கடி புது மாதிரி வந்து, வாங்கியது பழசாகிவிடும்.

எனவே, மேடை ஏறுகிறவர் வால்வு வாங்கட்டும். வீட்டில் பழகும் பிள்ளைக்குச் சிறு கருவியே போதும். பெரிய பெட்டிக்காகப் பெற்றோர் கடன்பட வேண்டாம்.

முதலில் விரல் பழகட்டும். பெட்டி பிறகு பெரிதாகட்டும்!