மீடியம் ஃபார்மேட் கேமராவுக்கு மாறலாமா? கடன் போடும் முன் படிங்க

1/ திண்டுக்கல்ல கல்யாணப் படம் எடுக்கிற தம்பிங்க சில பேர் கேட்கிறாங்க: "சார், ஃபுல் ஃப்ரேமைக் குடுத்துட்டு மீடியம் ஃபார்மேட்டுக்குப் போயிடலாமா?" கல்யாணம்தான் உங்க தொழில்னா, வேண்டாம். காரணத்தைச் சொல்றேன்.

2/ மருத்துவத்துல ஒரு பழைய விதி உண்டு. ரிசல்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாதுன்னா, அந்த டெஸ்ட்டை எழுதக் கூடாது. எக்ஸ்ரே போதுங்கிற இடத்துல சிடி எடுத்தா, கூடுதல் கதிர்வீச்சும் செலவும்தான் மிச்சம். கேமராவுக்கும் அதே கேள்விதான்: படம் போய்ச் சேருற இடத்துல வித்தியாசம் தெரியுமா?

3/ ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 x 24 மிமீ. ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ், ஹேசல்பிளாட் எக்ஸ்2டி ரெண்டுலயும் 43.8 x 32.9 மிமீ. பரப்பளவு 1.7 மடங்குதான். அந்தக் கால ஸ்டுடியோக்கள்ல யாஷிகா மேட்ல எடுத்த 120 ஃபிலிம் சதுரம் சுமார் 56 x 56 மிமீ. அது 3.6 மடங்கு. பேரு ஒண்ணு, பாய்ச்சல் வேற.

4/ உங்க படம் எங்கே போகுது? போன் திரையில பெரும்பாலும் 2.5 மெகாபிக்சல் சுமார். 12 x 36 ஆல்பம் ஷீட்ல ஒரே படத்தை முழுசாப் போட்டாலும், 24 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 166 புள்ளி குடுக்கும். கையில வச்சுப் பார்க்க அது போதும். ஃப்ளெக்ஸ் பேனரை 30 அடி தள்ளி நின்னு பார்க்கிறோம். அதுக்கு இன்னும் குறைவே போதும்.

5/ "பின்னணி நல்லா மங்கும் சார்" என்பாங்க. ஜிஎஃப்எக்ஸ்-க்கு வர்ற 80 மிமீ எஃப் 1.7 லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்குல சுமார் எஃப் 1.3. ஃபுல் ஃப்ரேம்ல 85 மிமீ எஃப் 1.2 லென்ஸே இருக்கு. அதுல இன்னும் கூடுதலா மங்கும்.

6/ 102 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒண்ணு 100 எம்பியைத் தொட்டா, 2,000 படத்துக்கு 200 ஜிபி. கார்டு, ஹார்ட் டிஸ்க், கம்ப்யூட்டர் எல்லாமே மாத்தணும். ஜிஎஃப்எக்ஸ்-ல ஃப்ளாஷ் சிங்க் 1/125 செகண்ட்தான். தாலி கட்டுற நேரத்துல வேகம்தான் முக்கியம்.

7/ யாருக்குத் தேவை? சின்னாளபட்டி சுங்குடிச் சேலையோட இழை தெரிய கேட்லாக் அச்சடிக்கிறவங்களுக்கு. தாடிக்கொம்பு கோயில் சிற்பங்களை ஆவணப்படுத்துறவங்களுக்கு. பக்கத்துல நின்னு பார்க்கிற மாதிரி 3 அடி அகலத்துல பிரிண்ட் போடுறவங்களுக்கு. டிரைபாட் உண்டு, நேரம் உண்டு, பொருளும் அசையாது. அப்பவும் முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாருங்க. இன்னொரு வழி: இருக்கிற 24 மெகாபிக்சல் கேமராவை நெட்டுக்கு வச்சு, மூணு படம் எடுத்து ஒட்டினா 50 மெகாபிக்சலைத் தாண்டும். செலவு இல்லை.

8/ 2024-ல் வந்த ஜிஎஃப்எக்ஸ்100எஸ் 2 பாடிக்கு மட்டும் அமெரிக்காவுல அறிமுக விலை 4,999 டாலர். லென்ஸ் தனி. ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம ஊர்ல முகூர்த்தம் கிடையாது. ஆனா இஎம்ஐ-க்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

9/ இதை ஒரு அரசு மருத்துவரா ஏன் எழுதுறேன்? காய்ச்சல் இறங்குறதுக்குள்ள "தவணை இருக்கு சார், டிஸ்சார்ஜ் குடுங்க"ன்னு கேட்கிற சுயதொழில்காரங்களை வார்டுல பார்க்கிறேன். உங்களுக்கு சம்பளத்தோட லீவு கிடையாது. நீங்க படுத்தா வருமானமும் படுத்துரும்.

10/ கையில காசு இருந்தா இந்த வரிசையில செலவு பண்ணுங்க: இன்னொரு பாடி, ஒரு நல்ல லென்ஸ், லைட், பேக்கப் டிஸ்க், மூணு மாசக் குடும்பச் செலவு. அதுக்கப்புறமும் மீதி இருந்து, பெரிய பிரிண்டுக்குக் காசு குடுக்கிற கஸ்டமரும் இருந்தா, தாராளமா வாங்குங்க. கஸ்டமர் முதல்ல வரட்டும், கேமரா அப்புறம் வரட்டும்.