மேகத்துக்கும் மதகு வேண்டும்!

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! பொங்கி வந்தாள் பொருநை. நெல்லைச் சந்திப்பு வெள்ளக்காடாயிற்று. சரக்கு நனைந்தால் மறுபடி வாங்கலாம். கணினி மூழ்கிக் கணக்கே போய்விட்டால், யாரிடம் போய் வாங்குவது?

ஆகவேதான், "கணக்கைக் கிளவுடுக்கு மாற்று" என்ற குரல் எழுகிறது. நியாயமான குரல்! எனினும், வணிகப் பெருமக்களே, அந்த 'மேகம்' வானத்திலா மிதக்கிறது? எங்கோ ஓர் ஊரில், கட்டடத்துக்குள் நிற்கும் கணினிக் கூட்டம் அது. அதையும் தீ தீண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. வேறிடத்தில் நகல் வைத்தோர் மீண்டனர். வைக்காதோர் பலர் இழந்தனர்.

இடம் மாற்றுவதிலும் இடர் உண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே மூச்சில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. இலட்சக்கணக்கானோர் தம் பணத்தைத் தொட முடியாமல் தவித்தனர். வங்கிக்கே அந்தக் கதியென்றால், வடக்கு ரத வீதிக் கடைக்கு?

அலட்சியம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறதெனப் பட்டியலிடுக. சிறு பகுதியை மாற்றிச் சோதித்திடுக. மும்பையில் ஒரு நகலென்றால் ஐதராபாத்தில் மற்றொன்று இருக்கட்டும். வைத்த நகலை மீட்டும் பார்த்திடுக. கடவுச்சொல் உரிமையாளர் கையிலேயே இருக்கட்டும். வேண்டாமெனில் கணக்கோடு வெளியேறும் வழியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குக.

மதகில்லாமல் அணை கட்டுவாருண்டோ, பொருநைக் கரையில்?