தூரிகையும் அருளும்

அழகுணர்ச்சி மக்களுக்கு இயல்பாக அமைந்தது. கோலமிடுதலும் பூச்சூடுதலும் மையெழுதுதலும் அவ்வுணர்ச்சியின் வெளிப்பாடுகளே. ஆகவே, முகத்தை ஒப்பனை செய்துகொள்ளுதல் குற்றமன்று. ஆனால், அவ்வொப்பனையின் பொருட்டு வேறோர் உயிர் துன்புறுமாயின், அஃது அழகாகுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள அழகுப்பொருட் கடைகளில் முகப்பூச்சுத் தூரிகைகள் விற்கப்படுகின்றன. தொட்டால் மென்மையாக இருக்கிறதா, விலை குறைவா என்று பார்ப்போர் பலர். அம்மென்மை எங்கிருந்து வந்தது என்று கேட்போர் சிலரே. முகப்பூச்சுப் பொருள்களை விலங்குகளின்மேல் சோதிப்பதை இந்தியா 2014 ஆம் ஆண்டில் தடை செய்தது. பூச்சினைப் பற்றி எழுந்த அவ்விரக்கம், அதனைப் பூசும் கருவியைப் பற்றியும் எழ வேண்டும் அன்றோ?

தூரிகைகளில் ஆடு, குதிரை, குளிர்நாட்டு அணில் முதலியவற்றின் மயிரால் ஆனவை ஒருவகை. நைலான் போன்ற செயற்கை இழையால் ஆனவை மற்றொரு வகை. அணிலின் மயிர், தோல் வாணிகத்திற்காகக் கொல்லப்படும் விலங்கினின்று கிடைப்பது. மயிருக்காகவே ஓருயிரைக் கொல்லும் கொடுமையும் இந்நாட்டில் உண்டு. ஓவியத் தூரிகைகளுக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. ஒரு கிலோ மயிருக்கு ஏறத்தாழ 50 கீரிகள் மடிகின்றன என்று கானுயிர் ஆர்வலர்கள் மதிப்பிடுகின்றனர். கீரி, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. அதன் மயிராலான தூரிகையை விற்பது குற்றம். எனினும், 2019 ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் நடந்த சோதனையில் அத்தகைய தூரிகைகள் பெருமளவில் கைப்பற்றப்பட்டன. வாங்குவோர் உள்ளவரை விற்போரும் இருப்பர்.

குழந்தையைக் காத்த கீரியை ஆராயாமல் கொன்று, பின் ஆறாத்துயருற்ற தாயின் கதையைத் தமிழ்மக்கள் நெடுங்காலமாக அறிவர். சிலப்பதிகாரத்திலும் கீரியைக் கொன்றவளின் துயரம் கூறப்படுகிறது. அவள் ஆராயாமல் கொன்றாள். இன்றோ பலர் ஆராயாமல் வாங்குகின்றனர்.

விலங்கு மயிரின்றி நல்ல தூரிகை அமையாது என்பது பழைய எண்ணம். ஒரு காலத்தில் பல் துலக்கும் தூரிகைகளும் பன்றி மயிரால் செய்யப்பட்டன. 1938 ஆம் ஆண்டில் நைலான் தூரிகை விற்பனைக்கு வந்தது. இன்று பன்றி மயிரை நாடுவோர் மிகச் சிலரே. முகப்பூச்சிலும் இம்மாற்றம் எளிதே. செயற்கை இழை நீர்மப் பூச்சினை உறிஞ்சி வீணாக்காது. கழுவினால் விரைவில் உலரும். வாங்கும்போது உறையிலுள்ள குறிப்பைப் படித்தல் வேண்டும். 'இயற்கை மயிர்' என்றிருந்தால், எவ்விலங்கின் மயிர் என்று கடைக்காரரைக் கேட்டல் வேண்டும். தக்க விடை கிடைக்காத பொருளை வாங்காது விடுதலே நன்று.

செயற்கை இழையும் தீங்கற்றதன்று என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. நைலான் போன்ற இழைகள் பெரும்பாலும் கல்லெண்ணெயினின்று பெறும் பொருள்களால் ஆனவை. எண்ணெய்த் தொழிலால் விளையக்கூடிய கேட்டினை வடசென்னை மக்கள் கண்கூடாக அறிவர். 2023 ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர் பிழைப்புக் கெட்டது. கூழைக்கடாக்களின் சிறகுகளில் எண்ணெய் படிந்தது. ஆதலால், மலிவு என்று பல தூரிகைகளை வாங்கி, விரைவில் எறிந்துவிடுதல் அருளுடைமை ஆகாது. வேண்டிய இரண்டு மூன்றை மட்டும் வாங்கி, சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, நெடுநாள் பயன்படுத்துதலே முறை.

திருவொற்றியூர்க் கோயிலைப் பலகால் வழிபட்ட வள்ளலார் இராமலிங்க அடிகள், எவ்வுயிர்க்கும் இரங்குவதையே உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றினார். அவ்வொழுக்கத்தைக் கடைப்பிடிக்கப் பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ வேண்டுவதில்லை. ஒரு சிறு தூரிகையை வாங்கும்போதும் அதனைக் கடைப்பிடிக்கலாம். பிறவுயிரின் துயரத்தில் பங்குகொள்ளாத முகத்திற்கே ஒப்பனை பொருந்தும்.